தானுந்தின் வீட்டுப் பராமரிப்பு

தானுந்தின் வீட்டுப் பராமரிப்பு என்பது, கார் எனப் பரவலாக அறியப்படும் தானுந்தின் உரிமையாளர், தொழில்முறைப் பணிமனையில் ஒப்படைக்காமல், தம் வீட்டு முற்றத்திலோ வண்டிக் கொட்டகையிலோ தாமே செய்துகொள்ளும் காலமுறைப் பராமரிப்புப் பணிகளைக் குறிக்கும். எஞ்சின் எண்ணெய் மாற்றுதல், வடிகட்டிகளை மாற்றுதல், ஸ்பார்க் பிளக் மாற்றுதல், பிரேக் பேடு மாற்றுதல், மின்கலம் மாற்றுதல் முதலியன இவற்றுள் அடங்கும். இப்பணிகளைச் செய்பவர் வீட்டு மெக்கானிக் எனப்படுகிறார். அமெரிக்க வழக்கில் இவருக்கு மரநிழல் மெக்கானிக் என்னும் பொருள்படும் பெயரும் உண்டு.

இப்பணிகளில் பெரும்பாலானவை கையேட்டின் ஒரு பக்கத்தில் விளக்கிவிடக் கூடியவை. ஆயினும், ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை ஒரு நாள் முழுவதும் நீள்வது வீட்டு மெக்கானிக்குகளிடையே பொதுவான அனுபவமாகும். கடினம் பெரும்பாலும் பணியின் கோட்பாட்டில் இல்லை. பாகத்தைச் சென்றடைவதிலும், இறுகிப்போன போல்ட்டைக் கழற்றுவதிலும், அதனை உரிய அளவில் மீண்டும் இறுக்குவதிலும்தான் உள்ளது. தற்காலத் தானுந்துகளுக்குப் பராமரிப்பு முன்பைவிட அரிதாகவே தேவைப்படுகிறது. ஆனால் தேவைப்படும்போது அது முன்பைவிடக் கடினமாக உள்ளது. இதனால் உரிமையாளருக்குக் கைப்பழக்கம் ஏற்படும் வாய்ப்பும் குறைந்துள்ளது.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளைப் பராமரிப்பது உரிமையாளரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்டு, ஒரு கோடியே ஐம்பது லட்சத்திற்கும் மேல் விற்பனையான ஃபோர்டு மாடல் டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இவ்வண்டியில் எரிபொருள் பம்பு இல்லை. பெட்ரோல் புவியீர்ப்பால் எஞ்சினுக்கு இறங்கியது. பழுதடையக்கூடிய பாகங்கள் குறைவாகவும், இருப்பவை கைக்கு எட்டும்படியாகவும் இருந்தன. ஆனால் அவற்றை அடிக்கடி கவனிக்க வேண்டியிருந்தது. 1950களில்கூடப் பல தானுந்துகளின் அடிச்சட்ட மூட்டுகளுக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீசு இட வேண்டியிருந்தது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியும் இவ்வகையில் புகழ்பெற்றது. இதன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. அது பல்லிணைப் பெட்டியுடன் நான்கே இடங்களில் பிணைக்கப்பட்டிருந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் சான் முயிர் எழுதி 1969இல் வெளியான பீட்டில் பராமரிப்பு நூல், முன்னனுபவம் சிறிதும் இல்லாதவர்களை நோக்கி எழுதப்பட்டது. பிரித்தானியாவில் சான் ஏன்சு (1938-2019) தொடங்கிய பதிப்பகம், 1966இல் ஆஸ்டின்-ஈலி ஸ்பிரைட் வண்டிக்கான தனது முதல் பணிமனைக் கையேட்டை வெளியிட்டது. வண்டியை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டி, அதனைப் படிப்படியாக ஒளிப்படம் எடுத்து விளக்குவது இக்கையேடுகளின் சிறப்பாகும். இப்பதிப்பகம் புதிய பணிமனைக் கையேடுகளை அச்சில் வெளியிடுவதை நிறுத்துவதாக 2020இல் அறிவித்தது.

1970களிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. தொடுமுனைகள் கொண்ட தீமூட்டல் அமைப்புக்குப் பதிலாக மின்னணுத் தீமூட்டலும், கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தலும் வந்தன. இவற்றால் அடிக்கடி சரிசெய்ய வேண்டிய பணிகள் பல மறைந்தன. முன்பு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்ட எஞ்சின் எண்ணெய் இன்று பல வண்டிகளில் 10,000 கிலோமீட்டருக்கோ அதற்கு மேலோ ஒருமுறை மாற்றப்படுகிறது. இரிடியம் முனை கொண்ட ஸ்பார்க் பிளக்குகள் சில 1,00,000 கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கின்றன. எனவே ஒருவர் தம் வண்டியின் ஸ்பார்க் பிளக்குகளை அவ்வண்டியின் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே கழற்ற நேரிடுகிறது.

வழமையான பணிகள்

வீட்டில் செய்யப்படும் பணிகளை அவற்றின் கடின நிலைக்கேற்பக் கீழ்க்கண்டவாறு வகைப்படுத்தலாம்.

* எளியவை: எண்ணெய் அளவும் குளிர்நீர் அளவும் பார்த்தல், சக்கரக் காற்றழுத்தம் பார்த்தல், கண்ணாடித் துடைப்பான் மாற்றுதல், காற்று வடிகட்டி மாற்றுதல்.
* இடைநிலை: எஞ்சின் எண்ணெயும் அதன் வடிகட்டியும் மாற்றுதல், மின்கலம் மாற்றுதல், எளிதில் எட்டும் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுதல்.
* கடினமானவை: பிரேக் பேடு, பிரேக் டிஸ்க் மாற்றுதல், பிரேக் எண்ணெய் மாற்றிக் காற்று நீக்குதல், குளிர்நீர் முழுவதையும் மாற்றுதல்.
* மிகக் கடினமானவை: டைமிங் பெல்ட் மாற்றுதல், கிளட்ச் மாற்றுதல்.

ஏன்சு கையேடுகள் ஒவ்வொரு பணியின் கடினத்தையும் ஒன்று முதல் ஐந்து வரையிலான ஸ்பேனர் குறிகளால் காட்டுகின்றன. இத்தகைய வகைப்பாடுகள் அனைத்தும், ஒவ்வொரு போல்ட்டும் முறையாகக் கழலும் என்னும் எடுகோளின் மீது அமைந்தவை. ஒரு போல்ட் முறிந்தால் எளிய பணியும் மிகக் கடினமான பணியாக மாறிவிடும்.

கடினத்திற்கான காரணங்கள்

அணுகல்

தானுந்து உற்பத்திச் சாலையில் பாகங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொருத்தப்படுகின்றன. முதலில் பொருத்தப்பட்ட பாகம், பின்னர் வந்த பாகங்களால் மறைக்கப்படுகிறது. எஞ்சினும் பல்லிணைப் பெட்டியும் சேர்ந்த தொகுதி பல வண்டிகளில் வெளியே பூட்டப்பட்டு, கீழிருந்து உடற்சட்டத்தினுள் ஏற்றப்படுகிறது. பூட்டும் தொழிலாளிக்கு எட்டும் போல்ட், பூட்டி முடித்த வண்டியின் முன் நிற்பவருக்கு எட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

முன்சக்கர இயக்கம் பரவலான பின்னர் எஞ்சின்கள் குறுக்காக வைக்கப்பட்டன. குறுக்கு வி6 எஞ்சினில் ஒரு வரிசை ஸ்பார்க் பிளக்குகள் எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தடுப்பை ஒட்டி அமைகின்றன. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில், பின்வரிசை பிளக்குகளை மாற்றக் காற்று உள்வாங்கு குழாய்த்தொகுதியின் மேற்பகுதியைக் கழற்ற வேண்டும். அவ்வாறு கழற்றினால் அதன் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். வேறு சில வண்டிகளில் முகப்பு விளக்கின் பல்பை மாற்ற, முன் பம்பரையோ சக்கர வளைவின் உட்புற உறையையோ கழற்ற நேரிடுகிறது.

இறுகிப்போன பிணைப்புகள்

ஆண்டுக்கணக்கில் வெப்பத்திற்கும் நீருக்கும் உள்ளாகும் போல்ட்டுகள் துருவால் இறுகிப்போகின்றன. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளில் இச்சிக்கல் மிகுதி. கடலோர நகரங்களிலும் இது காணப்படுகிறது. அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் மின்வேதி அரிப்பு ஏற்படுவதால், அலாய் சக்கரம் அச்சு மையத்துடன் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இறுகிய போல்ட்டைக் கழற்ற ஊடுருவும் எண்ணெய், வெப்பம், நீண்ட கைப்பிடி, அதிர்வு ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. பணிமனையில் ஆக்சி-அசிட்டிலீன் சுடரும் காற்றழுத்தத் துப்பாக்கியும் இருக்கும். வீட்டில் பெரும்பாலும் எண்ணெயும் பொறுமையும் மட்டுமே இருக்கும். விசை மிகுந்தால் போல்ட்டின் அறுகோணத் தலை உருண்டுவிடும், அல்லது போல்ட்டே முறிந்துவிடும். முறிந்த போல்ட்டை எடுக்க அதன் நடுவில் துளையிட்டு, எதிர்த்திசை மரையுள்ள பிடுங்கியைச் செலுத்த வேண்டும். பிடுங்கி உள்ளே முறிந்துபோனால், அது கடினப்படுத்திய எஃகு என்பதால், அதன் பின்னர் சாதாரணத் துளையிடும் கருவி வேலைக்கு ஆகாது. பன்னிரு முனை ஸ்பேனரைவிட அறுமுனை ஸ்பேனர் தலையை உருட்டும் வாய்ப்பு குறைவாகும்.

முறுக்குவிசை

ஒவ்வொரு போல்ட்டுக்கும் உற்பத்தியாளர் குறித்த முறுக்குவிசை உண்டு. குறைவாக இறுக்கினால் பிணைப்பு தளரும். மிகுதியாக இறுக்கினால் மரை அழியும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தந்தால் கிடைப்பது ஏறத்தாழ 30 நியூட்டன்-மீட்டர் ஆகும். பல வண்டிகளில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு இவ்வளவே போதுமானது. வளர்ந்த ஒருவர் அதே ஸ்பேனரால் இதைப் போல் இருமடங்கை எளிதில் தந்துவிட முடியும். அலுமினிய எண்ணெய்த் தொட்டிகளில் மரை அழிவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

மாறாக, டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குக் கழற்ற வேண்டிய வணரித்தண்டுக் கப்பியின் போல்ட் சில எஞ்சின்களில் 200 நியூட்டன்-மீட்டருக்கும் மேல் இறுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட்டுகள் பலவற்றில் முதலில் குறித்த விசைக்கும், பின்னர் குறித்த கோண அளவுக்கும் இறுக்கும் முறை பின்பற்றப்படுகிறது. அவ்வாறு இறுக்கும்போது நிலையாக நீட்சியடையும் போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கருவிகள்

மீட்டர் அளவு ஸ்பேனர்களும் திருப்புளியும் மட்டும் கொண்டு தற்காலத் தானுந்தைப் பராமரிக்க இயலாது. 1967இல் அறிமுகமான ஆறு இதழ் வடிவ டார்க்ஸ் தலை, அதன் புறவடிவம், நடுவில் முளையுள்ள அதன் காப்பு வடிவம், சதுரங்கள் மூன்று பிணைந்த பன்னிரு பல் வடிவம் எனப் பல வகைத் தலைகள் பயன்பாட்டில் உள்ளன. ஒரே பணியில் இவற்றுள் மூன்று வகைகள் தேவைப்படலாம். வண்டி பாதி கழற்றப்பட்ட நிலையில் ஒரு கருவி இல்லை எனத் தெரியவருவது வீட்டுப் பராமரிப்பில் அடிக்கடி நேரும் இடர்ப்பாடாகும். கருவிக் கடைக்குச் செல்ல வேண்டிய வாகனமே அப்போது ஓடாத நிலையில் இருக்கும்.

மின்னணுக் கட்டுப்பாடு

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாத் தானுந்துகளிலும் இரண்டாம் தலைமுறை உள்ளமைப் பழுதறி அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதனையொத்த அமைப்பைப் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு 2001 முதல் கட்டாயமாக்கியது. இவ்வமைப்பின் 16 முனைச் செருகியில் மலிவான படிப்பான் ஒன்றைப் பொருத்திப் பழுதுக் குறியீடுகளை எவரும் படிக்கலாம். இது வீட்டு மெக்கானிக்குக் கிடைத்த பெரும் உதவி எனலாம்.

ஆனால் குறியீடு அறிகுறியையே கூறுகிறது, பழுதான பாகத்தை அன்று. எடுத்துக்காட்டாக, பி0171 என்னும் குறியீடு எரிகலவையில் எரிபொருள் குறைவு எனப் பொருள்படும். காற்றுக் குழாயில் விரிசல், காற்றோட்ட உணரியில் அழுக்கு, வலுவிழந்த எரிபொருள் பம்பு ஆகியவற்றுள் எதனாலும் இது தோன்றலாம். காரணத்தை அறியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால், பணிமனைச் செலவைவிட மிகுதியான செலவு ஏற்படுவது உண்டு.

மேலும், முன்பு இயந்திரவியல் பணிகளாக இருந்தவை பல இன்று மென்பொருளையும் சார்ந்துள்ளன. மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல வண்டிகளில் பின் பேடுகளை மாற்றுவதற்கு முன் பிரேக்கைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சில வண்டிகளில் புதிய மின்கலத்தைப் பொருத்திய பின்னர் அதனை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். 2015இல் ஜீப் வண்டி ஒன்றைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த முடியும் என ஆய்வாளர்கள் காட்டியதையடுத்து, 14 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அதன் பின்னர், ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2018 மாடல்கள் முதல் பாதுகாப்பு வாயில் ஒன்றைச் சேர்த்தது. இதனால் பதிவு பெறாத பழுதறி கருவிகளால் குறியீட்டைப் படிக்க முடிந்தாலும், கட்டளைகளை அனுப்ப முடியாமல் போனது.

சில பணிகளின் இயல்பு

எஞ்சின் எண்ணெய் மாற்றம்

இதுவே பெரும்பாலானோர் முதலில் செய்யும் பணியாகும். வண்டியை உயர்த்தி, வடிக்கும் போல்ட்டைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, நான்கு உருளை எஞ்சின் எனில் பெரும்பாலும் 3 முதல் 5 லிட்டர் வரையிலான புதிய எண்ணெயை ஊற்றுவதே செயல்முறை. இதில் நிகழக்கூடிய தவறுகள் மூன்று.

* எஞ்சின் எண்ணெய்க்குப் பதிலாகப் பல்லிணைப் பெட்டியின் எண்ணெயை வடித்துவிடுதல். இரண்டின் வடிகால்களும் அருகருகே இருக்கும் வண்டிகளில் இது நேர்கிறது. இதனை அறியாமல் புதிய எண்ணெயையும் ஊற்றினால் எஞ்சினில் இருமடங்கு எண்ணெயும், பல்லிணைப் பெட்டியில் வெறுமையும் இருக்கும்.
* பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதிய வடிகட்டியைப் பூட்டுதல். இரட்டை வளையம் அழுத்தத்தைத் தாங்காது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடலாம்.
* வடிகட்டியை ஸ்பேனர் கொண்டு மிகுதியாக இறுக்குதல். சுழற்றிப் பூட்டும் வடிகட்டியின் வளையம் தளத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதுமானது. மிகுதியாக இறுக்கப்பட்ட வடிகட்டியை அடுத்த முறை கழற்றுகையில் அதன் தகரக் கூடு நசுங்கிக் கிழியும்.

ஸ்பார்க் பிளக் மாற்றம்

எஞ்சின் சூடாக இருக்கையில் அலுமினியத் தலைப்பகுதியிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை சேதமடையக் கூடும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே சுழற்றி மரையில் அமர்த்த வேண்டும். கோணலாக ஏறினால் உடனே கை உணரும், ஸ்பேனர் உணர்த்தாது. 2004 முதல் சில ஆண்டுகள் ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர் மூன்று-வால்வு வி8 எஞ்சினில் இரு துண்டுகளாக அமைந்த பிளக்குகள் பயன்படுத்தப்பட்டன. கரி படிந்து இறுகியதால், கழற்றும்போது இவற்றின் கீழ்ப்பகுதி முறிந்து எஞ்சினுள்ளேயே தங்கியது. இதற்கெனத் தனிக் கழற்று முறையை அந்நிறுவனமே பணிமனைகளுக்கு அறிவிக்க நேர்ந்தது. முறைப்படி செய்பவரும் வடிவமைப்பால் தோல்வியுறக் கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பிரேக் பணிகள்

பேடு மாற்றுவது இயந்திரவியல் அளவில் எளிது. கேலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து நகராமல் போவதும், பிஸ்டனை உள்ளே தள்ளுவதும்தான் கடினமானவை. பின் கேலிப்பர்கள் சிலவற்றில் பிஸ்டனைச் சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளமைப்பு கெடும். பேடு மாற்றியபின் பிஸ்டன் பின்னடைந்திருக்கும். எனவே வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைப் பலமுறை அழுத்தி அதனை முன்கொணர வேண்டும். இதனை மறந்து வண்டியை எடுப்பவருக்கு முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் இந்த வரம்பு 155 பாகையாகும். நீண்ட மலைப்பாதை இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும் தன்மையுடையது என்பதால், மிதி தரையைத் தொடும். திறந்து நெடுநாள் வைத்திருந்த புட்டியிலுள்ள எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டைமிங் பெல்ட் மாற்றம்

பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்தும் எஞ்சின்களில், இவ்விரண்டின் ஒத்திசைவை டைமிங் பெல்ட்டே காக்கிறது. பெல்ட் அறுந்தாலோ பற்கள் பல தவறிப் பொருத்தப்பட்டாலோ வால்வுகள் வளைந்து எஞ்சின் பாழாகும். எனவே பூட்டியபின் எஞ்சினை இயக்குவதற்கு முன், வணரித்தண்டைக் கையால் இரு முழுச் சுற்றுகள் சுழற்றிக் குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா எனச் சரிபார்ப்பது கட்டாயமாகும். இடையில் தடை உணரப்பட்டால் விசையைக் கூட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

பாதுகாப்பு

வீட்டுப் பராமரிப்பில் உயிரிழப்புக்கு வழிவகுக்கும் முதன்மைத் தவறு, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வதாகும். ஜாக்கி வண்டியை உயர்த்துவதற்கான கருவியேயன்றித் தாங்கி நிற்பதற்கான கருவி அன்று. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உற்பத்தியாளர் குறித்த இடங்களில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லோ கான்கிரீட் பாளமோ திடீரென நொறுங்கக் கூடியவை.

ஈய-அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளிமத்தை வெளியிடும். எதிர்முனை உடற்சட்டத்துடன் இணைந்த வண்டிகளில் மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றுகையில் ஸ்பேனர் உடற்சட்டத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். காற்றுப்பை அமைந்த பகுதிகளில் வேலை செய்வதற்கு முன் மின்கலத்தைத் துண்டித்து, உற்பத்தியாளர் குறித்த நேரம் காத்திருக்க வேண்டும். கலப்பின வண்டிகளிலும் மின்வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்தைக் குறிப்பவை. அவற்றைப் பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது.

தவறான பணியால் ஏற்படும் இடர் செய்தவருடன் முடிவதில்லை. பயணிகளும் சாலையிலுள்ள பிறரும் அதற்கு உள்ளாகின்றனர். பிரித்தானியாவில் 1960 முதல் நடைமுறையிலுள்ள எம்ஓடி சோதனை, மூன்றாண்டு கடந்த தானுந்துகளின் பிரேக்கையும் பிற பாதுகாப்பு அமைப்புகளையும் ஆண்டுதோறும் மற்றொருவர் சரிபார்க்க வழிசெய்கிறது. அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய காலமுறைச் சோதனை இல்லை. அங்கு வீட்டில் பூட்டிய பிரேக்கைச் சரிபார்ப்பவர் பூட்டியவர் மட்டுமே.

கழிவுகள்

பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்களும் நச்சுச் சேர்மங்களும் கலந்துள்ளன. ஒரு தடவை மாற்றப்படும் எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரை மாசுபடுத்தக் கூடும் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை கூறுகிறது. எனவே இதனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் பெற்றுக்கொள்ளும் நிலையத்திலோ பணிமனையிலோ ஒப்படைக்க வேண்டும். குளிர்நீரில் கலக்கப்படும் எத்திலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு என்பதால், தரையில் சிந்தியதைக் குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ நக்கிவிடாதவாறு உடனே கழுவிவிட வேண்டும்.

செலவும் நேரமும்

தொழில்முறை மெக்கானிக்கின் கூலி உயர்ந்துள்ள நாடுகளில் வீட்டுப் பராமரிப்பால் பணம் மிச்சமாகிறது. ஆனால் முதன்முறை செய்யும்போது கருவிகளின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பணிமனைகள் பயன்படுத்தும் நேரக் கணக்கு, அதே பணியைப் பலமுறை செய்த ஒருவர், ஏற்றுமேடையில் உயர்த்திய வண்டியில், எல்லாக் கருவிகளுடனும் செய்வதற்கானது. தரையில் மல்லாந்து படுத்து, கைவிளக்கின் ஒளியில், முதன்முறை செய்பவருக்கு அது பொருந்தாது. ஒரே பணியை அதே வண்டியில் இரண்டாம் முறை செய்யும்போது நேரம் வெகுவாகக் குறைகிறது. எனினும் பராமரிப்பு இடைவெளி நீண்டுள்ளதால், அந்த இரண்டாம் முறை சில ஆண்டுகளுக்குப் பின்னரே வருகிறது.

பணம் மட்டுமே இதற்கு நோக்கமன்று. வண்டியின் நிலையைத் தாமே அறிந்திருத்தல், செய்யாத வேலைக்குக் கட்டணம் செலுத்தாதிருத்தல் ஆகியவையும் காரணங்களாகும்.

பழுதுநீக்கும் உரிமை

வாங்கிய பொருளைத் தாமே பழுதுநீக்க உரிமையாளருக்குத் தகவலும் பாகங்களும் கிடைக்க வேண்டும் என்பது பழுதுநீக்கும் உரிமை எனப்படுகிறது. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மேக்னுசன்-மாசு உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட வணிகப் பெயர் கொண்ட பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. மாசச்சூசெட்சு மாநிலத்தில் 2012இல் நடந்த வாக்கெடுப்பில், பழுதறி தகவல்களைச் சார்பற்ற பணிமனைகளுக்கும் உரிமையாளர்களுக்கும் அளிக்க வேண்டும் என்னும் முன்மொழிவு வெற்றிபெற்றது. 2014இல் உற்பத்தியாளர்கள் இதனை நாடு முழுவதற்கும் விரிவாக்க உடன்பட்டனர். கம்பியில்லா முறையில் வண்டி அனுப்பும் தரவுகளையும் இதில் சேர்ப்பதற்கான 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரவாக வாக்களித்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் வீட்டுப் பராமரிப்பு பரவலாக இல்லை. மெக்கானிக்கின் கூலி ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதும், நகரங்களில் வண்டியைப் பிரித்து வைக்கத் தனியிடம் இல்லாததும் இதற்குக் காரணங்களாகும். 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் போன்ற வண்டிகளைச் சாலையோர மெக்கானிக்குகளே சில கருவிகளைக் கொண்டு பழுதுநீக்கினர். சென்னையில் புதுப்பேட்டை பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடமாகும். மின்னணுக் கட்டுப்பாடு மிகுந்த வண்டிகளில் வீட்டு மெக்கானிக் எதிர்கொள்ளும் அதே தடைகளைச் சாலையோர மெக்கானிக்கும் எதிர்கொள்கிறார்.

2014ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப்பாகங்களும் பழுதறி கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தியதாக 14 தானுந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இதனை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022இல் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை, தானுந்துத் துறையையும் உள்ளடக்கிய பழுதுநீக்கும் உரிமை வலைவாசலைத் தொடங்கியது.

வீட்டில் செய்யுமுன் கருதவேண்டியவை

* பணி முழுவதற்குமான செயல்முறையைத் தொடங்குவதற்கு முன்பே படித்து, தேவையான கருவிகளையும், ஒருமுறை மட்டும் பயன்படும் வாஷர், கேஸ்கெட், போல்ட் ஆகியவற்றையும் வாங்கி வைத்தல்.
* இறுகியிருக்கக் கூடிய போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் இடுதல்.
* புதிய எண்ணெயை ஊற்றும் வாயைத் திறக்க முடிகிறதா எனப் பார்த்த பின்னரே பழைய எண்ணெயை வடித்தல்.
* கழற்றும் ஒவ்வொரு நிலையையும் ஒளிப்படம் எடுத்து, போல்ட்டுகளை இடவாரியாகப் பிரித்து வைத்தல்.
* பிரேக் பணியை ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தில் மட்டும் செய்து, மறுபக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவைத்தல்.
* மறுநாள் காலை வண்டி தேவைப்படும் நிலையில், மாலையில் பணியைத் தொடங்காதிருத்தல்.
* பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றில் ஐயம் இருப்பின் தொழில்முறை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே சாலையில் செலுத்துதல்.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* மசகு எண்ணெய்
* முறுக்குவிசை
* மின்வண்டி
* பழுதுநீக்கும் உரிமை